‘ஃபியூஸ்தான் போயிருக்கு’: பழைய பின்பால் மெஷின் வாங்கப் போகிறவருக்கு, கோளாறு வாரியாக

பின்பால் என்பது ஃபிளிப்பர் என்ற இரண்டு சின்னத் துடுப்புகளால் இரும்புக் குண்டைத் தட்டி ஆடும் ஆட்டம். அதன் பழைய மெஷினை விற்பவர்களிடம் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “போன மாசம் வரைக்கும் நல்லா ஓடிச்சு, ஃபியூஸ்தான் போயிருக்கு.” ஃபியூஸ் என்பது சில்லறைக் காசு. அதை மாற்றிப் போட்டு முழு விலைக்கு விற்க அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இங்கே அமெரிக்காவில் பேஸ்மென்ட் உள்ள வீடு வாங்கியதும் நண்பர்கள் சிலருக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. அவர்கள் வாங்கி வந்த மெஷின்களைத் திறந்து பார்ப்பது என் வார இறுதி வேலையாகிவிட்டது. பெயரும் படமும்தான் மாறுகின்றன, கோளாறுகள் திரும்பத் திரும்ப அதேதான். கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் மலிவான காரணத்தில் தொடங்கி, செலவு வைக்கும் காரணம் வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். பழுது பார்க்கும்போது மேலிருந்து கீழே போங்கள். விலை பேசும்போது மட்டும் தலைகீழாக: வரிசையில் கடைசியாக இருக்கும் காரணம்தான் என்று வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். ஃபியூஸாகவே இருந்துவிட்டால் உங்களுக்கு லாபம்.

## சுவிட்சைப் போடும் முன்

டார்ச், மல்டிமீட்டர், கேமரா உள்ள போன் மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் சாவியைக் கேளுங்கள். காசு போடும் கதவு திறந்தால்தான் உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்து முன்பக்க இரும்புப் பட்டையைக் கழற்ற முடியும். பட்டை வந்தால் கண்ணாடியை உங்கள் பக்கம் உருவலாம். பின்னால் நிமிர்ந்து நிற்கும், ஸ்கோர் தெரியும் தலைப்பெட்டியின் சாவி பெரும்பாலும் காசுக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கியில் தொங்கும். “சாவி எங்கேயோ இருக்கு” என்றால் தேடி எடுக்கும் வரை காத்திருங்கள், அல்லது கிளம்பிவிடுங்கள். உள்ளே பார்க்காத மெஷினுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உருவிய கண்ணாடியைக் கார்ப்பெட் மேல் வையுங்கள். கடினப்படுத்திய கண்ணாடி அது, மூலை சிமென்ட் தரையில் தட்டினால் மொத்தமும் நொறுங்கும்.

மெஷின் எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள். சுமார் 1977 வரை வந்தவை எலெக்ட்ரோமெக்கானிக்கல்: எண் உருளைகள், ரிலேக்கள், மோட்டார். அதற்குப் பிறகு போர்டுகளும் சிப்புகளும். 1990 முதல் 1998 வரை வில்லியம்ஸ், பாலி பெயர்களில் வந்த, டபிள்யூபிசி என்ற போர்டு அமைப்பு உள்ள வகைதான் இன்று வீடுகளில் அதிகம் விரும்பி வாங்கப்படுவது. இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம்.

அடுத்தது பேட்டரி. சிப் உள்ள பழைய மெஷின்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஸ்கோரையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க ஒரு பேட்டரி உண்டு. எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கப் பாலி, ஸ்டெர்ன் மெஷின்களில் அது போர்டின் மேலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டபிள்யூபிசியில் மூன்று டபுள்-ஏ பேட்டரிகள் ஒரு ஹோல்டரில். தலைப்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்து அந்த இடத்தையும், அதற்குக் கீழே உள்ள இடத்தையும் பாருங்கள். கசிந்த நீர் கீழ்நோக்கித்தான் ஒழுகும். சிப் சாக்கெட்டுகளின் கால்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சையாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ இருந்தால் போர்டு போய்விட்டது என்ற கணக்கில் விலை பேசுங்கள். மெஷின் இன்று ஓடினாலும் சரி. அரிப்பு தானாக நிற்காது.

கடைசியாக ஃபியூஸ் ஹோல்டர்கள். அலுமினியத் தாள் சுற்றிய ஃபியூஸையோ, குறித்திருப்பதைவிட அதிக ஆம்பியர் ஃபியூஸையோ பார்த்தால் ஆன் செய்யச் சொல்லாதீர்கள். ஃபியூஸைப் போய்க்கொண்டே இருக்க வைத்த கோளாறு இப்போது வேறு எதையாவது எரித்திருக்கும். பிளக்கில் எர்த் முள் வெட்டப்பட்டிருந்தால் அதையும் சரிசெய்த பிறகே தொட வேண்டும்.

## ஆன் செய்தால் ஒன்றுமே இல்லை: விளக்கில்லை, சத்தமில்லை

ஆன் சுவிட்ச் பெரும்பாலும் பெட்டியின் அடியில், வலது முன்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். தெரியாமல் திணறுகிறவர்கள் நிறைய.

முதலில் சுவர் பாயின்ட்டில் வேறு ஏதாவது மாட்டிப் பாருங்கள். அடுத்து, காசுக் கதவுக்கு உள்ளே ஒரு சர்வீஸ் பிளக் பாயின்ட் இருந்தால் அதில் ஒரு மேஜை விளக்கை மாட்டுங்கள். எரிந்தால் ஒயர் நல்லது, கோளாறு அதற்கு அப்பால். அடுத்து மெயின் ஃபியூஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லப்பட்ட ஃபியூஸ்கள் பல மீட்டரில் செத்திருக்கும்.

புது ஃபியூஸ் உடனே போனால் அதோடு நிறுத்துங்கள். அடுத்த சந்தேகம் ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதைவிட அரிதாக டிரான்ஸ்ஃபார்மர். இரண்டாவது ஃபியூஸும் போனால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆம்பியர் கூட்டிப் பார்க்கும் யோசனை வேண்டாம்.

## பொது விளக்குகள் எரிகின்றன, ஆனால் மெஷின் விழிக்கவில்லை

எப்போதும் எரியும் பொது விளக்குகளுக்கும் கம்ப்யூட்டர் போர்டுக்கும் மின்சாரம் வேறு வேறு வழியில் வருகிறது. அதனால் விளக்கு எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். “லைட்டெல்லாம் வருதே” என்பது விற்பவரின் இரண்டாவது பிரபல வாக்கியம்.

மலிவானது: 5 வோல்ட் ஃபியூஸ் போயிருப்பது. பெரும்பாலான டபிள்யூபிசிகளில் அது, காயில்களையும் (ஃபிளிப்பர் போன்றவற்றை இயக்கும் மின்காந்தச் சுருள்கள்) விளக்குகளையும் இயக்கும் டிரைவர் போர்டில் எஃப்113. அடுத்தது போர்டுகளுக்கு இடையே ஓடும் ரிப்பன் கேபிள்கள். பவர் அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டுங்கள். ஒரு முள் தள்ளி மாட்டியிருந்தால் மெஷின் எழாது.

பழைய பாலி, ஸ்டெர்ன் மெஷின்களில் ஒரு வசதி உண்டு. கம்ப்யூட்டர் போர்டில் ஒரு சின்ன எல்இடி இருக்கும். ஆன் செய்ததும் ஒரு முறை லேசாகச் சிமிட்டிவிட்டு, பிறகு இடைவெளி விட்டு ஏழு முறை மினுக்கினால் போர்டு நலம். ஆறோடு நின்றால் போர்டைக் குறை சொல்லாமல் காயில்களுக்குப் போகும் மின்சாரத்தையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள், சுலபமாக முடிந்துவிடும். மினுக்காமல் நிலையாக எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி கசிவுதான் முதல் சந்தேகம். அது செலவு. இந்தத் தலைமுறைக்கு மாற்றுப் போர்டுகள் புதிதாகவே செய்து விற்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

டபிள்யூபிசியில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ‘ஃபேக்டரி செட்டிங்ஸ் ரீஸ்டோர்டு’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது யாரோ கழற்றி வைத்திருப்பார்கள். கழற்றி வைத்தவர் நல்ல பராமரிப்பாளர், அவரிடம் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் பேட்டரி ஹோல்டரை ஒயர் வைத்துப் போர்டுக்கு வெளியே கொண்டுபோவதோ, பேட்டரியே தேவைப்படாத நினைவகச் சிப் போடுவதோ முதல் வேலையாக இருக்கட்டும்.

## இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அழுத்தினால் மெஷின் அணைந்து மறுபடி ஆரம்பிக்கிறது

டபிள்யூபிசி வாங்குபவர் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. ஆட்டத்தைத் தொடங்கி, இரண்டு பட்டனையும் சேர்த்து வேகமாக விடாமல் தட்டுங்கள். காயில்கள் மின்சாரத்தை இழுக்கும்போது 5 வோல்ட் தாழ்ந்து போனால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். டிஸ்ப்ளே இருண்டு, தொடக்கச் சத்தத்துடன் திரும்ப வரும். மெஷின் குளிர்ந்திருக்கும்போது வராமல், அரை மணி நேரம் ஓடிய பிறகு வருவது சகஜம். அதனால் நீங்கள் போய்ச் சேரும் முன்பே ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

### அதே இடத்தில் பார்க்கக்கூடியவை

நீள எக்ஸ்டென்ஷன் கார்டில், அதுவும் ஃபிரிட்ஜோ ஹீட்டரோ உள்ள லைனில் மாட்டியிருக்கிறார்களா? நேராகச் சுவரில் மாட்டி மறுபடி தட்டிப் பாருங்கள். இதிலேயே நின்றுவிடும் மெஷின்கள் உண்டு. ஆனால் அவையும் விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள மெஷின் கொஞ்சம் வோல்டேஜ் குறைவைத் தாங்கும்.

### மீட்டர் வைத்துப் பார்க்கக்கூடியவை

டிரைவர் போர்டில் உள்ள 5 வோல்ட் சோதனைப் புள்ளியில் மீட்டரை வையுங்கள். 4.95-க்கும் 5.1-க்கும் நடுவில் நின்றால் நன்று. 4.9-க்குக் கீழே என்றால் கோளாறு. பிறகு கம்ப்யூட்டர் போர்டிலும் அதே 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். டிரைவர் போர்டில் சரியாக இருந்து அங்கே குறைந்தால், நடுவில் உள்ள கனெக்டர்தான் வோல்டேஜைத் தின்கிறது. கனெக்டரைக் கழற்றி மாட்டினால் தற்காலிகமாகச் சரியாகும். முள்களையும் ஹவுசிங்கையும் மாற்றினால் நிரந்தரமாகச் சரியாகும்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டிரைவர் போர்டுக்கு வரும் கனெக்டரையும் விடாதீர்கள். போர்டைக் கழற்றித் திருப்பி, கனெக்டர் முள்களைச் சுற்றியுள்ள ஈயத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், முள்ளைச் சுற்றி முடி போன்ற ஒரு வளையக் கோடு தெரியும். அதுதான் விரிசல். சூடாகிச் சூடாகி வந்தது. ஈயத்தை உருக்கிப் புதிதாக வைத்தால் போதும்.

### போர்டு வேலை

இவை எல்லாம் சரி என்றால் கடைசிக் காரணம் பிஆர்2 என்ற பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் சி5 என்ற பெரிய கெபாசிட்டரும். 15,000 மைக்ரோஃபாரட் கொண்ட கெபாசிட்டர் அது. தொண்ணூறுகளில் போட்ட கெபாசிட்டர் இன்று வரை உழைத்ததே பெரிது. டபிள்யூபிசி-95 போர்டுகளில் பிரிட்ஜுக்குப் பதில் தனித்தனி டயோடுகள் இருக்கும். பாகத்தின் விலை அற்பம், கைவேலைதான் விலை. போர்டின் துளைகளுக்குள் செம்புப் பூச்சு இருக்கிறது. பழைய பாகத்தைப் பலவந்தமாகப் பிடுங்கினால் அந்தப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். பிறகு ஒயர் ஓட்டி ஒட்டுப் போட வேண்டிவரும். சால்டரிங் கையில் பழகாதவர்கள் போர்டைக் கழற்றி, கனெக்டர்களுக்குப் பெயர் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, போர்டை மட்டும் பழுது பார்ப்பவருக்குப் பார்சலில் அனுப்பலாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதைவிட அது மலிவு.

விலை பேசும்போது, “ரீசெட் ஆகிறது, டிரைவர் போர்டு வேலை இருக்கிறது” என்று சொன்னால் போதும். விஷயம் தெரிந்த விற்பனையாளர் வாதாட மாட்டார்.

## ஃபிளிப்பர் சோர்ந்து அடிக்கிறது

குண்டு ராம்ப் என்ற ஏற்றப் பாதையின் உச்சிக்குப் போகாமல் பாதியில் திரும்பி வருகிறது. புதிதாக ஆடுபவர் தன் கைத்திறன் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள்: ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் அது மெக்கானிக்கல் தேய்மானம், பெரும்பாலும் மலிவு. இரண்டும் சோர்ந்திருந்தால் தேய்மானத்தோடு மின்சாரப் பக்கமும் பார்க்க வேண்டும்.

பவரை அணைத்து, ஃபிளிப்பரைக் கையால் மேலே தூக்கி விடுங்கள். சொரசொரப்பே இல்லாமல் போய், ஸ்பிரிங்கின் விசையில் டக்கென்று திரும்ப வேண்டும். இழுத்தாற்போல் வந்தால், குண்டு ஓடும் பலகையான பிளேஃபீல்டைத் தூக்கி அடியில் பாருங்கள். பிளேஃபீல்டு கீல் போட்டதுபோல் எழும். குண்டுகளை முன்பே எடுத்துவிடுங்கள்.

ஃபிளிப்பருக்கும் அடியில் உள்ள புஷ்ஷுக்கும் நடுவில் கிரெடிட் கார்டு தடிமன் அளவு மேல்கீழ் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உராய்கிறது. திருகைத் தளர்த்தி இறக்கி முறுக்கினால் ஆயிற்று, காசே இல்லை.

அடுத்து காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாய். அதில் கறுப்புத் தூள் படிந்திருக்கும், சில சமயம் வெடித்திருக்கும். குழாயை மாற்றுங்கள். எண்ணெயோ, டபிள்யூடி-40-யோ எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். தூளோடு கலந்து பசையாகும், தீப்பிடிக்கவும் கூடும். பின்பால் காயில்கள் உலர்ந்தே ஓட வேண்டும்.

பிறகு இரும்புத் தண்டு. ஆயிரக்கணக்கான முறை மோதியதில் அதன் முனை காளான் மாதிரி அகன்றிருக்கும். அது மோதும் தடுப்பும் குழிந்திருக்கும். தண்டு, தடுப்பு, குழாய், இணைப்பு எல்லாம் சேர்ந்த ரீபில்ட் கிட் மெஷின் வகைக்கேற்ப கிடைக்கிறது. முப்பது வருட மெஷினுக்கு யோசிக்காமல் இரண்டு பக்கமும் போட்டுவிடலாம். ஒரு மதியப் பொழுது வேலை. மெஷினே புதிதானதுபோல் இருக்கும்.

அதற்குப் பிறகும் சோர்வு என்றால், ஃபிளிப்பர் முழுதாக எழுந்ததும் தட்டுப்படும் ஈஓஎஸ் ஸ்விட்ச். இங்கே தலைமுறை முக்கியம். பழைய மெஷின்களில் இந்த ஸ்விட்ச் எப்போதும் மூடியிருந்து, ஃபிளிப்பர் எழுந்ததும் திறக்கும். முழு மின்சாரமும் இதன் வழியே போவதால் முனைகள் கருகும். கருகினால் அடி வலுவிழக்கும். சின்ன அரம் வைத்துத் தேய்த்துச் சுத்தப்படுத்தலாம். 1992-இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ மெஷினிலிருந்து தொடங்கும் வில்லியம்ஸ், பாலிகளில் இது தலைகீழ்: திறந்தே இருந்து, எழுந்ததும் மூடும், குறைந்த வோல்டேஜ், தங்கப்பூச்சு முனைகள். இவற்றில் அரம் போட்டால் பூச்சு போய்விடும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்தாலே சுத்தம்.

பட்டனை அழுத்திப் பிடித்தால் ஃபிளிப்பர் மேலே நிற்காமல் படபடவென்று அடித்துக்கொள்கிறதா? பழைய மெஷின் என்றால் காயிலின் பிடிப்புச் சுற்று அறுந்திருக்கிறது. காயிலின் காதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியைப் பாருங்கள், பல நேரம் அங்கேயே விட்டிருக்கும். இல்லை என்றால் காயில் மாற்ற வேண்டும்.

## காயில் ஒன்று இழுத்த இழுப்பில் நிற்கிறது, வாசனை வருகிறது

உடனே அணையுங்கள். எந்தக் காயில் என்று கண்டுபிடித்துவிட்டு அணைக்கலாம் என்ற யோசனை வேண்டாம். அணைத்த பிறகு தொட்டுப் பார்த்தால் சுடுவது எது என்று தெரியும். காகிதச் சுற்று பழுப்பாகிச் சுருங்கியிருக்கும்.

ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் மலிவு. எலெக்ட்ரோமெக்கானிக்கலில் பெரும்பாலும் இதுதான். சிப் உள்ள மெஷினில் பெரும்பாலும் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். டபிள்யூபிசியில் அது டிப்102. மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, கறுப்பு முனையை டிரான்சிஸ்டரின் உலோக முதுகிலும் சிவப்பு முனையை ஓரக் கால்களிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். பக்கத்தில் உள்ள அதே வகை டிரான்சிஸ்டர்களோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சுழி காட்டினால் ஆள் அகப்பட்டான்.

காயிலின் மின்தடையையும் அளக்க வேண்டும். சுமார் 2.5 ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் காயிலும் போய்விட்டது. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றி, ஷார்ட்டான காயிலோடு ஆன் செய்தால் புது டிரான்சிஸ்டரும் அந்த நொடியே போகும். இரண்டையும் பார்த்த பிறகே பவர். டிரான்சிஸ்டர் மாற்றியும் காயில் இழுத்துப் பிடித்தால், அதற்கு முன்னால் உள்ள சின்ன டிரான்சிஸ்டரோ சிப்போ காரணம். அது போர்டு பழுதுபார்ப்பவரின் வேலை.

## டெஸ்ட் மோடில் ஒரு காயிலும் அடிக்கவில்லை

காசுக் கதவு திறந்திருக்கிறதா? தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த வில்லியம்ஸ், பாலி மெஷின்களில் கதவு திறந்தால் காயில் மின்சாரத்தை வெட்டிவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. அதன் முனையை வெளியே இழுத்துவிட்டால் கதவு திறந்தபடியே சோதிக்கலாம். ஆட்டத்தின்போது அடித்து டெஸ்டில் அடிக்காத மெஷினுக்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். ஆட்டத்திலும் அடிக்கவில்லை என்றால் காயில் ஃபியூஸ், பிறகு அதன் பிரிட்ஜ்.

## ஸ்கோர் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை, அல்லது தானாக ஏறுகிறது

டிஸ்ப்ளேயில் கிரெடிட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். டபிள்யூபிசி மெஷின், “எனக்குள் ஏதோ சரியில்லை” என்று சொல்லும் விதம் அது. டெஸ்ட் மெனுவில் போய் ரிப்போர்ட் பார்த்தால் எந்த ஸ்விட்ச் என்று பெயரோடு சொல்லும். விற்பவருக்கே தெரியாத விஷயங்கள் அதில் வரும். ஆனால் கொஞ்ச காலமாகத் தட்டுப்படாத ஸ்விட்சையும் சந்தேகப் பட்டியலில் போடும். அதனால் ஸ்விட்ச் டெஸ்டில் வைத்து, குண்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு ஸ்விட்சின் மேலும் உருட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முழு மெஷினும் முடிந்துவிடும்.

ஒரே ஒரு ஸ்விட்ச்: தகட்டின் வளைவு, விட்டுப்போன ஒயர், உடைந்த டயோடு என்ற வரிசையில் பாருங்கள். மூன்றுமே கைச்செலவு. வரிசையாக எட்டு ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கனெக்டர், பிறகு கம்ப்யூட்டர் போர்டில் உள்ள சிப். பேட்டரி கசிந்த போர்டில் இது நடந்தால் கசிவு எங்கே எட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தொடாத ஸ்விட்ச் தானாக அடித்தால் தகடுகளின் இடைவெளி குறைவு. இரண்டு ஸ்விட்ச் மூடியிருக்கும்போது மட்டும் சம்பந்தமில்லாத மூன்றாவது அடித்தால் எங்கோ ஒரு டயோடு ஷார்ட்.

ஒளிக்கதிர் வைத்து வேலை செய்யும் ஆப்டோ ஸ்விட்ச் என்றால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பதுதான் முதல் வைத்தியம். பிறகு போனின் செல்ஃபி கேமராவில் அதைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பெரும்பாலான போன்களில் மங்கிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். புள்ளியே இல்லை என்றால் அனுப்பும் பக்கம் போய்விட்டது, அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை.

யாரும் ஆடாதபோது மெஷின் ஒவ்வொரு காயிலாகத் தட்டிக்கொண்டிருந்தால் அது குண்டைத் தேடுகிறது. எங்காவது சிக்கியிருக்கும், அல்லது எண்ணிக்கை குறைந்திருக்கும். எத்தனை குண்டு வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். 1993-இல் வந்த ‘ட்விலைட் சோன்’ மெஷினில் ஒரு வெள்ளைப் பீங்கான் குண்டும் சேர்ந்தே ஆறு. அதை எண்ணாமல் வாங்காதீர்கள். குண்டுகள் ஒன்றோடொன்று காந்தம்போல் ஒட்டிக்கொண்டால், அவை காந்தமேறிவிட்டன. புதிதாக மாற்றுங்கள்.

## விளக்குகள்

ஒற்றை பல்ப் எரியாததெல்லாம் கோளாறே இல்லை. பல்ப், அப்புறம் சாக்கெட், அவ்வளவுதான்.

ஒரு பகுதி முழுக்க மங்கலாகவோ இருட்டாகவோ இருந்தால் பொது விளக்குகளுக்கான கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் தேநீர்க் கறை நிறத்தில் இருந்தால் கருகியிருக்கிறது. போர்டில் உள்ள முள், ஒயர் பக்கத்து ஹவுசிங் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும். பிறகு 250 மில்லியாம்பியர் இழுக்கும் 44 எண் பல்புகளுக்குப் பதில் 150 இழுக்கும் 47-ஐயோ எல்இடியையோ போட்டால் மறுபடி வராது.

## டிஸ்ப்ளேயில் கோடுகள் இல்லை, அல்லது மங்கல்

ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். உங்கள் எல்லை அதோடு முடிகிறது. பழைய வாயு டிஸ்ப்ளேக்களுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் போகிறது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். சில வரிகள் மட்டும் இல்லை என்றாலோ, கண்ணாடி ஓரம் கறுத்திருந்தாலோ அந்த டிஸ்ப்ளே தீர்ந்துவிட்டது, பழுது பார்க்கும் பேச்சே இல்லை. எல்இடி மாற்று வாங்கிப் போடுவதுதான். அந்தத் தொகையைக் கடையில் விசாரித்து அப்படியே விலையில் கழியுங்கள். இதில் பேரம் எளிது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது.

## எலெக்ட்ரோமெக்கானிக்கல்: ஸ்டார்ட் அழுத்தினால் மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது

ஏதோ ஒரு ஸ்கோர் உருளை சுழிக்கு வரவில்லை. அல்லது சுழிக்கு வந்தும் அதன் ஸ்விட்ச் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை. தலைப்பெட்டியைத் திறந்து உருளைகளைக் கையால் ஒவ்வொரு படியாகத் தள்ளிப் பாருங்கள். சிக்குவது எது என்று கைக்குத் தெரியும். பழைய கிரீஸ் கல்லாகிப் போயிருக்கும். ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள், புதிதாக ஊற்றாதீர்கள். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள பெரிய பிளக்குகளைக் கழற்றி மாட்டுவதிலும் பாதி மெஷின்கள் பிழைத்துவிடும்.

இந்தத் தலைமுறைக்கு வேண்டியது பொறுமை, காசு இல்லை. போர்டு கிடையாது, பேட்டரி கசிவு கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கான முனைகளை யாரோ ஒருவர் மணல்தாள் வைத்துத் தேய்த்து, தகடுகளை இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருந்தால், விலகிவிடுங்கள். வரைபடம் படிக்கத் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

## எல்லாம் ஓடுகிறது, ஆனால் குண்டு ஒரு பக்கமாகவே போகிறது

கண்ணாடியைக் கழற்றி, போனைப் பிளேஃபீல்டின் மேலேயே வைத்துச் சரிவைப் பாருங்கள். இடவலம் சுழியாகவும், முன்னோக்கிய சரிவு தொண்ணூறுகளின் மெஷினில் 6.5 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். கால்களின் அடியில் உள்ள திருகுகளில் திருத்தலாம்.

மட்டம் சரியாக இருந்தும் குண்டு தடம் மாறினால் பலகையைத் தடவிப் பாருங்கள். விளக்குகளின் மேல் பதித்த வண்ண பிளாஸ்டிக் வில்லைகளின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் இடறினால் வில்லை தாழ்ந்தோ எழும்பியோ இருக்கிறது. பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும் இடங்களையும், ராம்ப் வாயில் உள்ள தகட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தலைப்பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தால் துடைக்கப் போகாதீர்கள், துணியோடு வந்துவிடும்.

மேலே சொன்ன மின்சாரக் கோளாறுகளையெல்லாம்விட எனக்கு இதுதான் பெரிய குறை. எரிந்த போர்டுக்கு மாற்று உண்டு. தேய்ந்த பிளேஃபீல்டுக்குப் பல மெஷின்களில் மாற்றே கிடையாது. கிடைத்தாலும் ஆயிரம் பாகங்களைக் கழற்றி மாட்ட வேண்டும். முதல் மெஷின் வாங்குபவர் ‘ஓடாத, ஆனால் பலகை சுத்தமான’ மெஷினையும், ‘ஓடுகிற, ஆனால் பலகை தேய்ந்த’ மெஷினையும் ஒரே விலையில் பார்த்தால் முதலாவதை எடுக்கலாம். பேட்டரி கசிவு மட்டும் இருக்கக் கூடாது.

## அங்கே ஓடியது, வீட்டுக்கு வந்தால் ஓடவில்லை

ஏற்றுவதற்கு முன் குண்டுகளையும், மெஷினை யாராவது ஆட்டினால் காட்டிக்கொடுக்க உள்ளே தொங்கும் டில்ட் குண்டையும் எடுத்துவிட வேண்டும். 110 முதல் 130 கிலோ எடையுள்ள பெட்டி அது, தலையை மடக்கிக் கட்டி இரண்டு பேர் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். குலுங்கியதில்தான் புதுக் கோளாறுகள் வரும்.

ஆட்டம் தொடங்கியதும் ‘டில்ட்’ என்று வந்தால் தொங்கும் குண்டு வளையத்தைத் தொடுகிறது. மட்டம் பார்த்துத் திருத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள கனெக்டர்களை மீண்டும் மாட்டுங்கள். ஃபியூஸ் போனால், ஆன் செய்வதை நிறுத்திவிட்டுப் பெட்டியின் தரையிலும் பிளேஃபீல்டின் அடியிலும் கழன்ற திருகைத் தேடுங்கள். அநேகமாகக் கிடைக்கும்.

ஊருக்குக் கப்பலில் கொண்டுபோகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கும். அப்படியே 230-இல் மாட்டினால் போச்சு. தொண்ணூறுகளின் வில்லியம்ஸ், பாலி மெஷின்களில் டிரான்ஸ்ஃபார்மரின் ஜம்பர் ஒயர்களை மாற்றி 230-க்குக் கொண்டுவரலாம், எது எங்கே என்று மேனுவலில் படத்தோடு இருக்கும். ஜம்பரோடு மெயின் ஃபியூஸின் ஆம்பியரையும், பவர் பெட்டியில் வோல்டேஜ் எகிறாமல் காக்கும் வேரிஸ்டரையும் மாற்ற வேண்டும். வேரிஸ்டரை மறந்தால் ஆன் செய்த நொடியே வெடித்து ஃபியூஸையும் கொண்டுபோகும். மெயின் லைனைத் தொடும் வேலை என்பதால் இதை ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.